மாலை வகுப்பில் நகை வேலை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

அலுவலகம் முடிந்து ஆறு மணிக்கு வகுப்புக்குப் போய் நகை வேலை பழகியவள் நான். இப்போது அதே வகுப்பில் புதியவர்களுக்கு உதவியாக நிற்கிறேன். தொழில்முறைப் பத்தர் அல்ல. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து: அக்கா, முதல் நாளே வெள்ளி வாங்க வேண்டுமா?

வேண்டாம். செப்புத் தகடும் செப்புக் கம்பியும் போதும். செம்பு உருக 1085 பாகை செல்சியஸ் வேண்டும். 925 வெள்ளியோ (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) 900-ஐத் தொடும் முன்பே உருகிவிடும். நெருப்பைக் கையாளத் தெரியாத முதல் மாதத்தில் இந்த இடைவெளிதான் உங்களைக் காப்பாற்றும். முதல் மாலை பெரும்பாலும் வாள் பிடிப்பதிலேயே போய்விடும். வாளின் பல் கைப்பிடியைப் பார்த்து இருக்க வேண்டும், கீழே இழுக்கும்போதுதான் வெட்டும். அலகில் கொஞ்சம் மெழுகு தடவுங்கள். நான் அன்று பதினொரு அலகு உடைத்தேன். நீங்கள் ஐந்தோடு நின்றால் கெட்டிக்காரர். சாமான்களுக்குக் கொழும்புச் செட்டியார் தெருப் பக்கம் போய், நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடை எது என்று கேளுங்கள், காட்டுவார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: நாலைந்து தரம் வளைத்ததும் கம்பி வெடிக்கிறது. கம்பி கூடாததா?

கம்பியில் பிழையில்லை. அடிக்க அடிக்க, வளைக்க வளைக்க உலோகம் இறுகும். இறுகியதும் சூடுகாட்டி இளக்க வேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். சூடேறிய உலோகம் காட்டும் மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்ததும் நெருப்பை எடுத்து, சிவப்பு மறைந்த பிறகு தண்ணீரில் போடுங்கள். அப்புறம் பாருங்கள், கம்பி நூல் மாதிரி வளையும்.

வத்தளையிலிருந்து: பற்றவைக்கும்போது பொடி உருண்டு ஒரு பக்கம் ஓடுகிறது. என்ன செய்வது?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. (பொடி என்றால் இரண்டு துண்டை ஒட்டுவதற்கு உருக்கும் உலோகக் கலவை.) என் பதிலோ நெருப்பிலிருந்து தொடங்காது, அரத்திலிருந்து தொடங்கும். இரண்டு முனையையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் கீற்று ஒளி தெரிந்தால் திரும்ப ராவுங்கள். பொடி இடைவெளியை நிரப்பாது, ஒட்டி நிற்கும் இடத்தில் மட்டும்தான் ஊறும். விரல் எண்ணெய் பட்டிருந்தாலும் ஓடாது. தேய்த்துக் கழுவி, பொடி ஓட உதவும் வெங்காரம் பூசுங்கள்.

அடுத்தது சூடு. பொடி சூட்டைத் தேடிப் போகும். நீங்கள் பொடிமேலேயே நெருப்பைக் காட்டினால் அது மட்டும் உருகி உருண்டு நிற்கும். சுற்றியுள்ள உலோகம் முழுவதையும் சூடாக்குங்கள், கனமான பக்கத்தைக் கூடுதலாக. நான் ஒருமுறை பதற்றத்தில் ஒரே இடத்தில் காட்டி, கல் பதிக்க எழுப்பிய மெல்லிய சுவர் சுருண்டு மணியாகிப் போனது. இரண்டு கிழமை வேலை அது.

ஒரே நகையில் பல இணைப்பு இருந்தால் கடினப் பொடியில் (உருகக் கூடுதல் சூடு வேண்டியது) தொடங்கி இளகிய பொடியில் (குறைந்த சூட்டில் உருகுவது) முடியுங்கள். இல்லையென்றால் இரண்டாவதை ஒட்டும்போது முதலாவது கழன்றுவிடும். பொடி வாங்கும்போது கட்மியம் என்ற உலோகம் கலவாததா என்று கேளுங்கள், அந்தப் புகை நுரையீரலுக்கு நஞ்சு.

தெகிவளையிலிருந்து: தொடர்மாடி வீட்டில் செய்யலாமா?

வாள், அரம், சுத்தியல் வேலை தாராளமாகச் செய்யலாம், கீழ்வீட்டுக்காரர் பொறுத்தால். நெருப்பு வேலையை வகுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். பற்றவைத்த கருமையை நீக்க, கந்தக அமிலத்துக்குப் பதில் சித்திரிக்கமிலம் (எலுமிச்சையில் இருக்கும் அமிலம்) கலந்த வெந்நீர் போதும், கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்யும். எப்போதும் அமிலத்தைத் தண்ணீரில் போடுங்கள், மாறிச் செய்யாதீர்கள். இரும்புக் குறட்டை அதில் விட்டால் உள்ளே கிடக்கும் வெள்ளியெல்லாம் செம்பு நிறம் பிடிக்கும். செப்புக் குறடு அல்லது மூங்கில் குச்சி நல்லது. பாவித்த கரைசலில் செம்பு கரைந்திருக்கும், தொட்டியில் ஊற்றாமல் வகுப்புக்கே கொண்டுவாருங்கள். தலைமுடியைக் கட்டுங்கள். நைலோன் சால்வை போட்டுக்கொண்டு நெருப்பருகே வராதீர்கள்.

மருதானையிலிருந்து: மாமா தந்த நீலக்கல்லைப் பதித்தபடியே மோதிரத்தைப் பற்றவைக்கலாமா?

கூடாது. நீலக்கல் சூட்டைத் தாங்கினாலும், உருகிய வெங்காரம் அதன் மேற்பரப்பை அரித்துவிடும். மீட்டியாகொடைச் சந்திரகாந்தக்கல் என்றால் இன்னும் மோசம், வெடிக்கும். எல்லாப் பற்றவைப்பும் மெருகும் முடிந்த பிறகே கல்.

பம்பலப்பிட்டியிலிருந்து: மோதிரத்துக்குத் தகடு எவ்வளவு நீளம் வெட்டுவது?

உள்விட்டத்தோடு தகட்டின் தடிப்பைக் கூட்டி 3.14-ஆல் பெருக்குங்கள். உள்விட்டம் 17 மில்லிமீற்றர், தடிப்பு 1.5 என்றால் 18.5 × 3.14, அதாவது 58 மில்லிமீற்றர் சொச்சம். தடிப்பை மறப்பவர்களின் மோதிரம் சின்ன விரலுக்குத்தான் போகும்.

வெள்ளவத்தையிலிருந்து மீண்டும்: தங்கச்சியின் கலியாணத்துக்குத் தாலியை நானே செய்யலாமா?

ஆசை நல்லதுதான். ஆனால் தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டில் நாள் பார்த்து நடக்கிற சடங்கு, பத்தரைக் கூப்பிட்டு உருக்குவார்கள். அதற்குள் நாம் மூக்கை நுழைக்க வேண்டாம். நீங்கள் வெள்ளி மெட்டி செய்து கொடுங்கள். முனை திறந்தபடி இருப்பதால் பற்றவைப்பே வேண்டாம், இரண்டாம் மாதத்திலேயே செய்துவிடலாம். கால் விரல் அளவை மட்டும் மாலையில் எடுங்கள். பகலெல்லாம் நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.