டப்பா டிவி கடையின் மாடியில்: ‘ஸ்டெயின்ஸ் கேட்’ கேள்வி பதில்

2009 அக்டோபரில் ஜப்பானில் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த ‘ஸ்டெயின்ஸ் கேட்’ விஷுவல் நாவல் (படம், குரலோடு கதையைப் படித்துக்கொண்டே போகும் வீடியோ கேம்) பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில். முதல் அரை மணி நேரக் கதையைத் தவிர முக்கியமான திருப்பம் எதையும் உடைக்கவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

கேள்வி: அனிமே 24 எபிசோடும் பார்த்தாயிற்று. அதே கதைக்காக இன்னும் 30 மணி நேரம் உட்கார வேண்டுமா?

கதாநாயகன் ஒகாபே ரின்டாரோவுக்காக உட்காரலாம். 2011 அனிமேயில் அவன் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு சலம்பும் ஆள். அவன் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பதை நாம் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும். நாவலில் முழுக் கதையும் ‘நான்’ என்று அவனே சொல்வது. எதிர்முனையில் யாருமே இல்லாத போனைக் காதில் வைத்து “அமைப்பு நம்மைக் கண்காணிக்கிறது” என்று அவன் உறுமும்போது, அதை ஒட்டி வரும் வரியிலேயே அவனுடைய கூச்சமோ பயமோ எட்டிப் பார்க்கும். அந்த வேஷத்தை நாவல் இருபது மணி நேரம் நமக்குப் பழக்கிவிடுகிறது. அதனால்தான் ஒரு கட்டத்தில் வேஷம் கட்ட முடியாமல் குரல் தடுமாறும்போது அடி பலமாக விழுகிறது. இரண்டிலும் குரல் மியானோ மமோருதான்.

இழப்பும் உண்டு. அசைவு கிடையாது, ஒரே நிற்கும் படம் ஒரு மணி நேரம் திரையில் இருக்கும். ஓவியர் ஹூகேயின் படங்கள் துருப்பிடித்த மாதிரி பழுப்பு, சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். கதையின் புழுக்கத்துக்கு அது கச்சிதம். ‘பளிச்’ ஓவியம் பழகியவர்களுக்குப் பிடிக்க நேரமாகும்.

கேள்வி: ஆறு மணி நேரம் படித்துவிட்டேன். வாழைப்பழத்தை மைக்ரோவேவில் வைப்பதும் வெட்டிப் பேச்சும்தான் நடக்கிறது. விட்டுவிடலாமா?

புகார் நியாயம்தான். 2010 ஜூலை 28, அகிஹபாராவின் ரேடியோ கைகான் கட்டடம். ஒரு பெண் ரத்தத்தில் கிடப்பதைப் பார்த்த ஒகாபே நண்பனுக்கு மெயில் அனுப்புகிறான். அடுத்த நொடி தெருவில் ஒரு ஆள் இல்லை. செத்தவள் அப்புறம் உயிரோடு வந்து நிற்கிறாள். இப்படிப் பிடரியைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டு, பிறகு பத்து மணி நேரத்துக்கு மேல் ஆற அமர உட்கார வைக்கிறது. அந்தப் பெண்தான் குரிசு; அவள் காலப் பயணத்தின் பதினொரு கோட்பாடுகளையும் வரிசையாக விளக்குவாள். ஜப்பானிய இணைய மன்றத்துக் கொச்சை வார்த்தைகள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் உள்ளேயே இருக்கும் சொல்லகராதியைத் திறக்க வேண்டும். ஒகாபேயின் நண்பன் தாரு ஒரே ஆபாச ஜோக்கை நாற்பது விதமாகச் சொல்வான். கத்திரி பிடித்த எடிட்டர் இருந்திருந்தால் மூன்று மணி நேரமாவது குறைத்திருப்பார்.

ஆனால் அந்த வாழைப்பழத்தைக் கவனியுங்கள். சீப்பிலிருந்து பிய்த்து உள்ளே வைத்த பழம் பச்சை நிறத்தில் கூழாகிறது. போதாததற்கு மறுபடி சீப்பிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ‘இது எங்கே போய்விட்டு வந்தது?’ என்ற கேள்வி அங்கேதான் விழுகிறது. இந்த மெத்தனமான பகுதியில்தான் நண்பர்கள் ஒவ்வொருவரும் அதே மைக்ரோவேவின் உதவியால் இறந்தகாலத்துக்கு ஒரு மெயில் அனுப்பி ஓர் ஆசையைத் தீர்த்துக்கொள்கிறார்கள். பின்பாதியில் அந்த ஆசைகளுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டி வரும். அவர்களோடு டீ குடித்துப் பொழுது போக்காதவருக்கு அந்தக் கணக்கு வெறும் எண். ஏறக்குறைய பாதியில் வரும் திருப்பம் வரை போங்கள். அதற்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் மூடி வைக்கலாம்.

கேள்வி: பதில்களைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியே வருவதில்லை. ஏதோ ஒரு முடிவு வந்து பெயர்கள் ஓடி முடிந்துவிட்டது. உண்மையான முடிவுக்கு எப்படிப் போவது?

இந்தப் படைப்பின் சிறந்த யோசனையும் மோசமான பொறியும் இதுதான். இங்கே எல்லாமே ஒகாபேயின் கைப்பேசி வழியாக நடக்கிறது. மெயில் வந்தால் நீங்களே போனை வெளியே எடுக்க வேண்டும். திறந்தால் சில சொற்கள் மட்டும் நீல நிறத்தில் கோடிட்டிருக்கும். அதில் ஒன்றைத் தொட்டால், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒகாபேயே பதில் எழுதிவிடுவான். அனுப்பலாம், அனுப்பாமல் போனை மடக்கி வைக்கலாம். கதாபாத்திரங்களைக் காட்டவும் இந்த மெயில்கள் உதவுகின்றன. மோஎகா என்ற பெண் எதிரே நின்றுகொண்டே, வாய் திறக்காமல் மெயிலில் பேசுவாள். நேரில் ஒற்றைச் சொல்லில் முடிப்பவள் மெயிலில் கலகலவென்று இருப்பாள். அவளைப் பற்றி வேறு அறிமுகமே வேண்டாம்.

பொறி எங்கே என்றால், பெரும்பாலான பதில்களால் கதை அசையாது; இன்னொரு வேடிக்கை மெயில் வரும், அவ்வளவுதான். ஆனால் குரிசுவுக்கு அனுப்பும் சில பதில்கள் மட்டும், பல அத்தியாயங்களில் சிதறி, உண்மையான முடிவைத் தீர்மானிக்கின்றன. எது எது என்று எந்த அறிகுறியும் இல்லை. அவை தவறினால் குரிசுவின் முடிவோடு கதை நின்றுவிடும்; கடைசி அத்தியாயமே திறக்காது. உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

முடிவுகள் மொத்தம் ஆறு. முன்னதாக வரும் கிளைகள் எளிது: அனுப்பிய மெயிலை ரத்து செய்யும் மெயிலை அனுப்ப வேண்டிய இடத்தில் அனுப்பாமல் விட்டால் கதை அங்கேயே கிளை பிரியும். செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் தனி சேவ் போடுங்கள். பழையதன் மேல் எழுதாதீர்கள். இறந்தகாலத்துக்கு மெயில் அனுப்பும் ஒவ்வொரு கட்டத்துக்கு முன்னும் இன்னொன்று. முதல் முறை உங்கள் இஷ்டத்துக்குப் படியுங்கள். குரிசுவின் மெயில் ஒன்றையும் பதில் சொல்லாமல் விடாதீர்கள். இரண்டாம் முறை, குரிசு மெயில்களுக்கு மட்டும் வழிகாட்டிப் பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்கிப்பை (வரிகளை வேகமாகத் தள்ளும் வசதி) ‘படித்தது மட்டும்’ என்று வைத்தால் புது வரி வந்ததும் தானாக நிற்கும். ஆனால் ஸ்கிப் ஓடும் வேகத்தில் மெயில் வந்த அடையாளம் கண்ணில் படாது; இரண்டு பக்கம் நகர்ந்தால் பதில் அனுப்பும் வாய்ப்பே போய்விடும். குரிசு மெயில் வரும் இடம் நெருங்கும்போது கையால் தள்ளுங்கள்.

கேள்வி: இதில் வரும் அறிவியல் எவ்வளவு நிஜம்?

செட் சாமான்கள் நிஜம், இயந்திரம் கற்பனை. ‘2036-லிருந்து வந்தேன், ஐபிஎம் 5100 கணினி வேண்டும்’ என்று ஜான் டைட்டர் என்ற பெயரில் ஒருவர் 2000-01-ல் இணையத்தில் எழுதியது உண்மை. 1975-ல் வந்த அந்தக் கணினியும் உண்மை. கதையில் ஐபிஎன் என்று ஓர் எழுத்தை மாற்றிவிட்டார்கள். மைக்ரோவேவுக்குள் கருந்துளை என்பதெல்லாம் கதைக்காக.

கற்பனைக்கு இவர்கள் போட்ட எல்லைதான் அழகு. இறந்தகாலத்துக்குப் போகும் மெயில் 36 பைட்டுக்கு மேல் கூடாது. ஜப்பானிய எழுத்துக்கு இரண்டு பைட் வீதம் 18 எழுத்து. அதுவும் ஆறு ஆறாக மூன்று துண்டாகப் போகும். தமிழில் யூடிஎஃப்-8 என்ற கணினி எழுத்துக் குறியீட்டின் கணக்குப்படி ‘நாளை போகாதே’ 31 பைட், போய்ச் சேரும். ‘நாளை அங்கே போகாதே’ 47, சேராது. இந்த நெருக்கடியால் செய்தி அரைகுறையாகப் போகிறது, வாங்குபவர் தப்பாகப் புரிந்துகொள்கிறார், கதை நகர்கிறது. சோதனை சில நேரம் பலித்துச் சில நேரம் பலிக்காததற்கும் காரணம் வைத்திருக்கிறார்கள். ‘ஆய்வகம்’ என்று ஒகாபே சொல்லும் அறைக்குக் கீழே இருக்கும் டப்பா டிவி கடையைக் கண் வைத்திருங்கள்.

கேள்வி: கணினியில் எதை வாங்குவது? ‘எலீட்’ என்றும் ஒன்று இருக்கிறதே?

பழையதையே வாங்குங்கள். 2018-ல் ஜப்பானில் வந்த ‘எலீட்’, அனிமே காட்சிகளை வெட்டி ஒட்டிச் செய்தது. பார்க்கக் குளுமை. ஆனால் ஒகாபேயின் மனப்பேச்சு நிறையக் குறைந்துவிட்டது. மெயிலுக்குப் பதில் எழுதும் முறையையும் எடுத்துவிட்டார்கள். முதல் பதிலில் சொன்ன காரணமே அதில் இல்லை.

பழையது, கணினி விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளத்தில் 2016-லிருந்து கிடைக்கிறது. தமிழில் இல்லை, ஆங்கிலத்தில் சரளமாகப் படிப்பவருக்கு 30 முதல் 40 மணி நேரம், குரல் முழுதும் ஜப்பானியம். ‘கமிட்டி ஆஃப் ஜீரோ’ என்ற ரசிகர் குழுவின் இலவசத் திருத்தத்தைத் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். மொழிபெயர்ப்புப் பிழைகளும் படத் தரமும் சரியாகும்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. வாங்கிக் கொடுக்கலாமா?

இப்போது வேண்டாம். அமெரிக்கத் தரச்சான்று 17 வயதுக்கு மேல் என்கிறது. ரத்தம் குறைவுதான், ஆனால் சாவு திரும்பத் திரும்ப வரும், மனசை அழுத்தும். அதைவிட உறுத்துவது நகைச்சுவை. பெண்களைச் சங்கடப்படுத்திச் சிரிக்கும் இடங்கள் பல. லுகா என்ற மென்மையான பையனை வர்ணித்துவிட்டு ஒவ்வொரு வரிக்கும் ‘ஆனால் ஆண்’ என்று முடிக்கும் ஜோக் அன்றைக்கே அசடு. இன்றைக்கு இன்னும் கசக்கிறது. லுகாவின் துக்கத்தை இதே கதை பின்னால் அவ்வளவு பொறுப்பாகக் கையாளும்போது, முன்னால் செய்த கேலி இன்னும் துருத்திக்கொண்டு தெரிகிறது.

கேள்வி: ‘ஸ்டெயின்ஸ் கேட் 0’-வை முதலில் படிக்கலாமா? எண்ணே பூஜ்யம்தானே?

கூடாது. 2015-ல் வந்த அது முன்கதை இல்லை. முதல் கதையின் கடைசிக் கட்டத்தில் பிரியும் கிளை. உண்மையான முடிவைப் பார்த்த பிறகுதான்.