மூன்றாம் நாளே நின்றுபோகும் காலை நடை

ஐந்து மணிக்கு அலாரம் வைத்து வேளச்சேரி ஏரிப் பக்கம் ஒரு மணி நேரம் நடக்கத் தொடங்கினால் மூன்றாம் நாளே நின்றுவிடுகிறது, மனவுறுதியே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். மனவுறுதியைக் குறை சொல்லாதீர்கள். வேலை முடிந்து இரவு பத்தரைக்கு வீடு வந்து, படுத்தபடி மொபைல் பார்ப்பவருக்கு ஐந்து மணிக்கு எழுவது யாராக இருந்தாலும் கஷ்டம்தான்.

தினமும் காலையில் பால் பாக்கெட் வாங்க இறங்குவதாகச் சொன்னீர்கள் இல்லையா? அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஷூ போட்டே இறங்குங்கள். முதலில் தெருவை ஒரு சுற்று, பிறகு பால். இப்போதைக்குப் பத்து நிமிடம் போதும். எப்போது, எங்கே என்று முன்பே முடிவு செய்தால் செய்துமுடிக்கும் வாய்ப்பு கூடும் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டுகின்றன. இரவில் படுத்தபடி மொபைல் பார்க்காமல் இருக்க, சார்ஜரை ஹாலுக்கு மாற்றிவிடுங்கள்.

அப்புறம், 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற கணக்கை நம்ப வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி குழு செய்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. அதனால் மழையில் தெருவில் தண்ணீர் நின்றால் மொட்டைமாடியில் நடங்கள், முடியாவிட்டால் மறுநாள் தொடருங்கள்.