41 வயசுல பீரியட்ஸ் நிக்குமா? சிகரெட்டும் வீட்டு அடியும்: டாக்டர் பதில்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு 41 வயசு. ஏழு மாசத்துல மூணு தடவைதான் பீரியட்ஸ் வந்திருக்கு. ராத்திரியில திடீர்னு வேர்த்து நனைஞ்சு முழிச்சுக்கிறேன். கல்யாணமாகி 18 வருஷம் ஆச்சு, ஆரம்பத்துலேர்ந்தே அவர் கை நீட்டுவார், இப்போ அடி குறைஞ்சிருக்கு ஆனா பேச்சு ரொம்ப மோசமாயிடுச்சு. பத்து வருஷமா யாருக்கும் தெரியாம சிகரெட் பிடிக்கிறேன், ஒரு நாளைக்கு ஏழெட்டு. அந்த அஞ்சு நிமிஷம்தான் எனக்குன்னு இருக்கு. போன மாசம் டாக்டர்கிட்ட போனப்போ அவரும் கூடவே உள்ள வந்து உக்காந்துட்டார், அதனால எதையும் சொல்ல முடியல. "டென்ஷன்தான்"னு சொல்லி சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. இவ்வளவு சீக்கிரம் மெனோபாஸ் வருமா? சிகரெட்தான் காரணமா, இல்ல நான் வாழற வாழ்க்கையா? பெயர் போடாதீங்க.

பதில்: பத்து வருஷமா யார்கிட்டயும் சொல்லாத விஷயத்தை எழுதி அனுப்பியிருக்கீங்கம்மா, அதுக்கே எவ்வளவு தைரியம் வேணும்னு எனக்குத் தெரியும். கேட்டதுக்கு நேரா வர்றேன்.

வரலாம். பெரும்பாலான பெண்களுக்கு 45லேர்ந்து 55 வயசுக்குள்ள நிக்கும். 40லேர்ந்து 45க்குள்ள நின்னா அதை சீக்கிர மெனோபாஸ்னு சொல்றோம், நூத்துல சுமார் அஞ்சு பேருக்கு அப்படி ஆகுது. ஆனா உங்களுக்கு இன்னும் நிக்கல, தள்ளித் தள்ளி வந்துட்டு இருக்கு. தொடர்ந்து 12 மாசம் வராம இருந்தாத்தான் மெனோபாஸ்னு சொல்லணும். அதனால இப்பவே முடிஞ்சுபோச்சுன்னு நினைக்காதீங்க.

சிகரெட் பத்தி முதல்ல சொல்றேன், ஏன்னா அதுல சந்தேகத்துக்கே இடமில்ல. ஒரு பொண்ணு பிறக்கும்போதே அவளோட கருமுட்டை எல்லாம் சூலகத்துல இருக்கும், சுமார் 10லேர்ந்து 20 லட்சம். வயசுக்கு வரும்போது அது மூணு நாலு லட்சமா இறங்கிடும். ஆயுசு முழுக்க மாசாமாசம் வெளிய வர்றது 400, 500தான், மீதி எல்லாம் தானாவே கரைஞ்சு போகும். இருப்பு ஆயிரத்துக்குப் பக்கத்துல வரும்போது பீரியட்ஸ் நிக்குது. சிகரெட் புகை இந்தக் கரையிற வேகத்தைக் கூட்டுது. புகையிலை எரியும்போது பாலிசைக்ளிக் அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்னு ஒரு வகை கெமிக்கல்கள் வரும், அது முட்டைக்குள்ள "செத்துப்போ"ன்னு சொல்ற ஜீனை முடுக்கி விடுதுன்னு 2001ல எலிகள்ல காட்டினாங்க. நிகோடின் வேற, ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோனை உற்பத்தி பண்ற என்சைமை மட்டுப்படுத்துது. எல்லாம் சேர்ந்து, புகை பிடிக்கிறவங்களுக்கு பிடிக்காதவங்களை விட சராசரியா ஒண்ணுலேர்ந்து ரெண்டு வருஷம் முன்னாடியே மெனோபாஸ் வருது. எத்தனை சிகரெட், எத்தனை வருஷம்ங்கிறதைப் பொறுத்து இது கூடும். பீடியும் இதே கணக்குதான், எரியிறது அதே புகையிலைதானே.

இதுல ஒரு நல்ல விஷயமும் இருக்கு. 2018ல 17 ஆய்வுகளைச் சேர்த்து ரெண்டு லட்சத்துக்கும் மேல பெண்களோட தகவலைப் பார்த்தாங்க. சிகரெட்டை விட்டு பத்து வருஷத்துக்கு மேல ஆனவங்களுக்கு மெனோபாஸ் வயசு கிட்டத்தட்ட பிடிக்காதவங்க மாதிரியே இருந்துச்சு. போன முட்டை திரும்பி வராது, ஆனா விடறதுக்கு எந்த வயசும் லேட் இல்ல, இதயத்துக்கு சீக்கிரமே லாபம் ஆரம்பிச்சுடும், எலும்புக்குப் போகப்போக.

இப்போ நீங்க கேட்ட ரெண்டாவது விஷயம். அடியும் பயமும் மெனோபாஸை முன்னாடி இழுத்துட்டு வருமா? சிகரெட் மாதிரி இத்தனை வருஷம்னு நான் ஒரு நம்பர் சொல்ல மாட்டேன், அப்படிச் சொன்னா பொய். ஆனா வீட்டு அடி உடம்புக்குள்ள போற வழி ரெண்டு எங்களுக்கு நல்லாத் தெரியும். ஒண்ணு சிகரெட்டேதான். புருஷன்கிட்ட அடி வாங்கற பெண்கள் மத்தவங்களை விட அதிகமா புகை பிடிக்கிறாங்கன்னு திரும்பத் திரும்பப் பார்த்திருக்கோம், விடறதும் அவங்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டமா இருக்கு, ஏன்னா நிகோடின் அந்த நிமிஷத்துக்குப் பதட்டத்தை அமுக்குது, வேற எதுவும் கைக்குக் கிடைக்காதப்போ அதுதான் கிடைக்குது. "அந்த அஞ்சு நிமிஷம்தான் எனக்குன்னு இருக்கு"ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதனால சிகரெட்டா வாழ்க்கையான்னு தனித்தனியா பிரிச்சுக் கேக்காதீங்கம்மா, உங்க விஷயத்துல ரெண்டும் ஒரே கயித்துல கட்டியிருக்கு. சிகரெட்டுக்காக உங்களைத் திட்டிட்டு அடியைப் பத்தி ஒரு வார்த்தை கேக்காத எந்த டாக்டரும் பாதி வைத்தியம்தான் பண்றாங்கன்னு நான் நினைக்கிறேன்.

இன்னொரு வழி மூளை. எப்பவும் பயத்துலயே இருக்கிற உடம்புல கார்டிசால்ங்கிற பதட்ட ஹார்மோன் ஏறியே கிடக்கலாம். அப்போ மூளை, இது பிள்ளை பெத்துக்கற நேரம் இல்லன்னு முடிவு பண்ணி சூலகத்துக்கு அனுப்பற சிக்னலைக் குறைச்சுடும். பீரியட்ஸ் தள்ளிப்போகும், சில சமயம் நின்னேபோகும். ஆனா இது மெனோபாஸ் இல்ல. முட்டை உள்ள இருக்கு, சிக்னல்தான் வரல. மனசும் உடம்பும் பாதுகாப்பா ஆனா திரும்ப வர வாய்ப்பு உண்டு. வெளியிலேர்ந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், பயத்துல தூக்கம் கலைஞ்சு வேர்த்து எழுந்திரிக்கிறதும், மெனோபாஸ் நேரத்துல திடீர்னு உடம்பு சூடாகி வேர்க்கிற ஹாட் ஃப்ளாஷ் மாதிரியே இருக்கும். அதனாலதான் "டென்ஷன்தான்"னு வாயால சொல்லி அனுப்பினது எனக்கு வருத்தமா இருக்கு. டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும்.

என்ன டெஸ்ட்? முதல்ல பிரெக்னன்ஸி டெஸ்ட், வெக்கப்படாம பண்ணுங்க, 41ல இப்படித் தள்ளிப்போகும்போது அதைத்தான் முதல்ல பார்க்கணும். அப்புறம் ரத்தத்துல ஹார்மோன் டெஸ்ட்: தைராய்டு, பால் சுரப்புக்கான ப்ரோலாக்டின், சூலகத்துக்கு மூளை அனுப்பற சிக்னலான எஃப்எஸ்ஹெச், ஈஸ்ட்ரோஜன்ல ஒரு வகையான ஈஸ்ட்ராடியால். சூலகம் களைச்சுப்போச்சுன்னா எஃப்எஸ்ஹெச் ஏறி இருக்கும், மூளை சிக்னலைக் குறைச்சிருந்தா அது ஏறாது. ஒரு தடவை ரிசல்ட்டை வச்சு யாரும் முடிவு பண்ணக் கூடாது, இந்த வயசுல அது மாசத்துக்கு மாசம் ஆடும், நாலுலேர்ந்து ஆறு வாரம் கழிச்சு திரும்ப எடுக்கணும். இன்னொண்ணு, பீரியட்ஸ் சரியா வரலைங்கிறதால கர்ப்பம் ஆகாதுன்னு இருந்துடாதீங்க. 50 வயசுக்குள்ள நின்னா, கடைசி பீரியட்ஸ்லேர்ந்து ரெண்டு வருஷம் வரைக்கும் கருத்தடை வேணும்.

நிஜமாவே சீக்கிர மெனோபாஸ்னு தெரிஞ்சா அப்படியே விட்டுடக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் சீக்கிரம் குறைஞ்சா எலும்பு தேயும், இதய நோய் ஆபத்து கூடும். அதனால வேற தடை எதுவும் இல்லன்னா இயற்கையா நிக்கிற வயசு வரைக்கும், அதாவது சுமார் 51 வரை ஹார்மோன் சிகிச்சை கொடுக்கிறதுதான் வழக்கம். அங்க உங்க சிகரெட் ரகசியம் தெரியாம இருந்தா ஆபத்து. 35 வயசுக்கு மேல சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கொடுக்கவே கூடாது, ரத்தம் உறைஞ்சு ஸ்ட்ரோக், ஹார்ட் அட்டாக் வரலாம். ஹார்மோன் சிகிச்சைன்னு வரும்போது, தோல்ல ஒட்டற பேட்ச், தடவற ஜெல் இதெல்லாம் ரத்தம் உறையிற விஷயத்துல ஹார்மோன் மாத்திரையை விடப் பாதுகாப்பு.

அதுக்கு டாக்டரைத் தனியா பார்க்கணும். ரிசப்ஷன்ல இல்ல நர்ஸ்கிட்ட மெதுவா "டாக்டரோட தனியா பேசணும்"னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும், உள் பரிசோதனைன்னு சொல்லி அவரை வெளிய உக்கார வைக்க எங்களுக்குத் தெரியும். உள்ள போனதும் எல்லாத்தையும் சொல்லுங்க. காயம் இருந்தா தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்க, பின்னாடி போலீஸ், கோர்ட்டுன்னு போகணும்னா அந்தக் காகிதம் பேசும்.

ஒரு கேள்வி நான் உங்களைக் கேக்கணும். அவர் எப்பவாவது கழுத்தை நெரிச்சிருக்காரா? ஆமான்னா, வெளிய தடம் தெரியலைனாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், கழுத்து ரத்தக் குழாய்ல அடிபட்டு நாள் கழிச்சுக்கூட ஸ்ட்ரோக் வந்திருக்கு. கழுத்தை நெரிச்ச ஆள் பின்னாடி கொலை வரைக்கும் போற ஆபத்து பல மடங்கு அதிகம், இதை நான் பயமுறுத்த சொல்லல. வீட்டை விட்டுக் கிளம்பற நேரம்தான் ரொம்ப ஆபத்தான நேரமும். அதனால போறதா இருந்தா சண்டைக்கு நடுவுல சொல்லிட்டுப் போகாதீங்க, முன்னாடியே பெண்கள் ஹெல்ப்லைன்ல பேசி, முக்கியமான பேப்பர், கொஞ்சம் பணம், மாத்திரை இதெல்லாம் நம்பற ஒருத்தர் வீட்டுல வச்சுட்டு, அவர் பார்க்கிற போன்ல எதையும் தேடாம, திட்டம் போட்டுப் போங்க. போகணுமா இருக்கணுமாங்கிறது உங்க முடிவு, அதுல நான் தலையிட மாட்டேன்.

சிகரெட்டை நாளைக்கே விடுங்கன்னும் சொல்ல மாட்டேன். நிகோடின் பேட்ச், சூயிங் கம், மாத்திரை எல்லாம் இருக்கு, தனியா டாக்டரைப் பார்க்கும்போது அதையும் கேளுங்க. வீட்டுல நிம்மதி வந்தப்புறம்தான் விட முடியும்னு காத்திருக்கவும் வேணாம், விட முடியலைன்னு உங்களை நீங்களே வையவும் வேணாம்.

கேள்வி: நான் ஒரு தடவை கூட புகை பிடிச்சதில்ல. ஆனா என் வீட்டுக்காரர் 20 வருஷமா ஹால்லயே உக்காந்து ஊதித் தள்றார். எனக்கும் பாதிப்பு வருமா?

பதில்: வரும். அமெரிக்காவுல மெனோபாஸ் தாண்டின பெண்கள்கிட்ட எடுத்த பெரிய ஆய்வு ஒண்ணு 2015ல வந்துச்சு. அதுல தானா பிடிக்காம, மத்தவங்க புகையை ரொம்ப வருஷம் சுவாசிச்சவங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல முன்னாடியே பீரியட்ஸ் நின்னிருந்துச்சு. ஜன்னலைத் திறந்து வைக்கிறது, ஃபேன் போடறது எதுவும் போதாது, புகை திரைச்சீலையிலயும் சோஃபாவுலயும் படிஞ்சு கிடக்கும். அவர் வெளியே போய்த்தான் பிடிக்கணும். கேட்டா சண்டை வருமோ, அடி விழுமோன்னு பயந்து கேக்காம இருக்கீங்கன்னா, மேல இருக்கிற பதில் உங்களுக்கும்தான்.

கேள்வி: எனக்கு 51, மனைவிக்கு 48 வயசு. ஒரு வருஷமா அவளுக்கு பீரியட்ஸ் சரியில்ல, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறா. பொறுக்க முடியாம ரெண்டு மூணு தடவை அடிச்சிட்டேன். மெனோபாஸ் சரியானா வீட்டுல இந்தப் பிரச்சனையும் சரியாயிடுமா?

பதில்: ஆகாது சார். பீரியட்ஸ் மாறினது உங்க மனைவிக்கு, அடிச்சது நீங்க. அவங்க ஹார்மோன் உங்க கையைத் தூக்கல. இதைக் கடுமையா சொல்றேன்னு தோணினா தோணட்டும், எங்ககிட்ட வர்ற பெண்கள் எத்தனை பேர் "என் கோவத்தாலதான் அவர் அடிக்கிறார்"னு பழியைத் தங்க தலையிலயே போட்டுக்கிட்டு வர்றாங்கன்னு பார்த்துப் பார்த்து சொல்றேன்.

இந்த வயசுல தூக்கம் கெடும், ராத்திரி வேர்க்கும், மனசு சட்டுனு மாறும், அது நிஜம், அதுக்கு வைத்தியமும் இருக்கு. ஆனா நீங்க நினைக்கிறதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. கலிஃபோர்னியாவுல 40லேர்ந்து 80 வயசுக்குள்ள இருக்கிற 2,016 பெண்கள்கிட்ட கேட்டு 2019ல ஒரு ஆய்வு வெளியாச்சு. துணைகிட்ட மனசளவுல கொடுமை அனுபவிச்சவங்களுக்கு, அனுபவிக்காதவங்களை விட தூக்கக் கோளாறும், ராத்திரி வேர்வையும், உறவு நேர வலியும் அதிகமா இருந்துச்சு. அடி கூட வேணாம், வசவும் மிரட்டலும் போதும். இப்போ அவங்களுக்கு ராத்திரி தூக்கம் வராததுக்கு நீங்களும் ஒரு காரணமா இருக்கலாம்.

அடிச்சதை ஒத்துக்கிட்டு எழுதியிருக்கீங்க, அதனால உங்களால மாற முடியும்னு நம்பி எழுதறேன். உங்களுக்குன்னு ஒரு கவுன்சிலரைப் பாருங்க, தனியா, அவங்களைக் கூட இழுத்துட்டுப் போகாதீங்க, உங்க பக்கத்துல உக்காந்துட்டு அவங்களால உண்மையைச் சொல்ல முடியாது. கோவம் ஏறும்போது வீட்டை விட்டு வெளியே போய் நடங்க, குடிக்கிற பழக்கம் இருந்தா அதுக்கும் சேர்த்து ட்ரீட்மெண்ட் எடுங்க. அவங்க டாக்டர்கிட்ட போகும்போது வாசல் வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு வெளியவே இருங்க.

கேள்வி: எனக்கு 24 வயசு. அம்மாவுக்கு 39லயே நின்னுடுச்சு. அவங்களும் அப்பாகிட்ட நிறைய பட்டிருக்காங்க. எனக்கும் அப்படி ஆகுமா?

பதில்: அம்மாவுக்கு எப்போ நின்னுதுங்கிறது முக்கியமான தகவல்தான் கண்ணா, மெனோபாஸ் வயசுல பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கு. அதனால உனக்கு வாய்ப்பு மத்தவங்களை விட அதிகம், ஆனா கட்டாயம் வரும்னு இல்ல. அம்மாவுக்கு 40க்கு முன்னாடியே நின்னதால உன் டாக்டர்கிட்ட இதைச் சொல்லி, குரோமோசோம் பரிசோதனை வேணுமான்னு கேளு. ஏஎம்ஹெச்னு ஒரு டெஸ்ட் இப்போ எல்லாரும் எடுக்கறாங்க, அது இப்போதைய முட்டை இருப்பைப் பத்தி ஓரளவு சொல்லும், உனக்கு எந்த வயசுல நிக்கும்னு சொல்லாது. குழந்தை வேணும்னு ஆசை இருந்தா அதை எப்போங்கிற திட்டத்தை டாக்டரோட கொஞ்சம் முன்னாடியே பேசிடு. சிகரெட், வேப் ரெண்டையும் தொடாத. அம்மா எலும்பு ஸ்கேன் எடுத்திருக்காங்களான்னு கேளு, 39ல நின்னவங்களுக்கு அது கட்டாயம் வேணும், இன்னும் எடுக்கலைன்னா நீயே கூட்டிட்டுப் போ.