கடைசிச் சுழியை வெட்டாதீர்கள்: முக்கிய எண்ணுருக்கள் கேள்வி-பதில்

கேள்வி: 1500 என்ற எண்ணில் எத்தனை முக்கிய எண்ணுருக்கள்?

பதில்: முக்கிய எண்ணுருக்கள் என்றால் அளந்து பெற்ற, நம்பத்தக்க இலக்கங்கள். எதன் 1500? அலகும் இல்லை, அளந்த கருவியின் பெயரும் இல்லை. வெறும் எண்ணாக எடுத்தால் 2; கடைசிச் சுழிகள் அளந்தவையா என்று தெரியாது. ஒரு கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்தது என்றால் 4. அப்போது 1.500 × 10³ கிராம் என்று எழுதுங்கள், ஐயமே எழாது.

கேள்வி: 0.00450 இல்?

பதில்: 3. முன்னால் நிற்கும் சுழிகள் தசமப் புள்ளியின் இடத்தைக் காட்ட மட்டுமே. கடைசிச் சுழி அளந்து பெற்றது.

கேள்வி: வெர்னியர் அளவியில் விட்டம் 2.30 செ.மீ. வந்தது. 2.3 என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றுதானே?

பதில்: குறைத்தது சரி. கணக்கில் இரண்டும் ஒன்று, அளவீட்டில் ஒன்றல்ல. உங்கள் அளவியின் மீச்சிற்றளவு, அதாவது அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 செ.மீ. 2.30 என்று எழுதினால், அந்த இடம் வரை பார்த்தேன், அங்கே சுழிதான் இருந்தது என்று சாட்சி சொல்கிறீர்கள். 2.3 என்றால் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை என்று பொருள். படிப்பவர் உண்மை மதிப்பை 2.25க்கும் 2.35க்கும் இடையில் தேட வேண்டியதுதான். கையில் நல்ல கருவியை வைத்துக்கொண்டு சாதாரண அளவுகோலின் விடையைக் கொடுப்பது எனக்குத் தாங்க முடியாத வீண். இழப்பு அங்கேயே நிற்பதுமில்லை. 2.30 இலிருந்து வட்டப் பரப்பு 4.15 சதுர செ.மீ.; 2.3 இலிருந்து 4.2 மட்டுமே. கணினி விரிதாளும் இந்தச் சுழியைக் கேட்காமலேயே விழுங்கிவிடும். தசம இடங்களின் எண்ணிக்கையை நீங்களே அமைத்துவிடுங்கள். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அளவுகோலில் 2.3 என்று பார்த்துவிட்டு, அட்டவணை அழகாக இருக்க 2.300 என்று நிரப்புகிறார்கள். அது பொய்ச் சாட்சி. கருவி தந்ததை எழுதுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

கேள்வி: நீளம் 12.3 செ.மீ., அகலம் 4.5 செ.மீ. கணிப்பான் 55.35 என்கிறது.

பதில்: 55 சதுர செ.மீ. பெருக்கலில், எண்ணுருக்கள் குறைவாக உள்ள அளவீடே விடைக்கும் எல்லை; 4.5 இல் இரண்டுதான். கணிப்பானுக்கு உங்கள் அளவுகோலைத் தெரியாது.

கேள்வி: கூட்டலுக்கும் அதே விதியா?

பதில்: இல்லை. அங்கே தசம இடங்களைப் பாருங்கள்; குறைவாக உள்ளதே எல்லை. 125.2 + 3.456 என்பது 128.7.

கேள்வி: ஒவ்வொரு படியிலும் முழுமைப்படுத்தலாமா?

பதில்: கூடாது. இடையில் ஓரிரு இலக்கங்களைக் கூடுதலாக வைத்திருங்கள். இறுதியில் ஒரே முறை முழுமைப்படுத்துங்கள்.

கேள்வி: இணைத்துள்ள பத்து அளவீடுகளும் சரியா?

பதில்: எந்தக் கருவி? மீச்சிற்றளவு என்ன? மேலே சொன்னதுதான்: இவை இல்லாமல் எண்களை அனுப்பாதீர்கள்.

கேள்வி: அங்குலத்தை 2.54 ஆல் பெருக்கினால் விடை மூன்று எண்ணுருக்களோடு நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. 1959 முதல் ஓர் அங்குலம் 2.54 செ.மீ. என்பது வரையறை, அதில் பிழைக்கு இடமில்லை. ஊசலின் 20 அலைவுகள் போல எண்ணிப் பெற்றவையும் அப்படியே. ஒளியின் வேகமும் 1983 முதல் வரையறைதான். ஆனால் அதை 3 × 10⁸ மீ/வி என்று சுருக்கினால் ஒரே எண்ணுருதான் மிஞ்சும், 3.00 × 10⁸ என்றால் மூன்று. இங்கேயும் சுழிதான்!

கேள்வி: பி.எச். மதிப்பு 4.37 என்றால் மூன்றா?

பதில்: இரண்டு. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். ஒரு மடக்கை (லாக்) மதிப்பு; மடக்கையில் தசமப் புள்ளிக்குப் பின் வருபவையே கணக்கு. முன்னால் உள்ள 4 பத்தின் அடுக்கை மட்டும் சொல்கிறது. ஹைட்ரஜன் அயனிச் செறிவு 4.3 × 10⁻⁵ மோல்/லிட்டர்.