நன்றி கெட்டவளா நான்?

கேள்வி: ஆறு ஆண்டு காத்திருந்து பிறந்த மகனுக்கு இப்போது ஏழு வாரம். அம்மா வீட்டில் இருக்கிறேன். பால் கொடுக்கும்போது காம்பு வெடித்து உயிர் போகிறது. அது போதாதென்று, பால் இறங்கும் நேரத்தில் காரணமே இல்லாமல் மனம் இருண்டுவிடுகிறது. சில நிமிடங்களில் தானாகச் சரியாகியும் விடுகிறது. ‘தினமும் நன்றி சொல்ல மூன்று காரணம் எழுது, மனம் லேசாகும்’ என்று நாத்தனார் ஒரு நோட்டு கொடுத்தார். நான்கே நாளில் எழுத ஒன்றுமில்லாமல் போயிற்று. அழுதால், ‘தவமிருந்து பெற்ற பிள்ளையை வைத்துக்கொண்டு அழலாமா?’ என்கிறார்கள். நான் நன்றி கெட்டவளா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. புண்ணோடு பால் கொடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் நன்றிக்குக் கணக்குக் கேட்பவர்கள்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆறு ஆண்டு காத்திருந்தோம் என்பதற்காகப் புண் வலிக்காமல் இருந்துவிடுமா?

நன்றியைப் பிறகு பார்ப்போம். முதலில் வலி. பாலூட்டத் தொடங்கிய சில நாட்களுக்குக் கூச்சமும் லேசான வலியும் பலருக்கு இருக்கும். ஏழாவது வாரத்திலும் காம்பு வெடிக்கிறதென்றால், பெரும்பாலும் குழந்தை சரியாகக் கவ்வவில்லை. காம்பை மட்டும் சப்பினால் புண்தான் மிஞ்சும். குழந்தையின் வாய் அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் பெரும்பகுதியும் உள்ளே போக வேண்டும். கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, தாடை மார்பில் பதிந்திருக்க வேண்டும். பிரசவம் நடந்த மருத்துவமனைக்கே போய், நீங்கள் பால் கொடுப்பதைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்துத் திருத்தும்படி அனுபவமுள்ள நர்ஸிடம் கேளுங்கள். மார்பு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். அப்போதும் பாலை நிறுத்தத் தேவையில்லை.

அடுத்து, அந்தச் சில நிமிட இருட்டு. நீங்கள் அதை எழுதியது நல்லதாயிற்று. பலர் வெளியே சொல்வதே இல்லை. பால் சுரக்கப் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏற வேண்டும், அது ஏற டோபமைன் என்ற மூளை ரசாயனம் இறங்க வேண்டும். சிலருக்கு அந்த இறக்கம் சட்டென்று நிகழ்வதால் மனமும் கூடவே சரிகிறது என்று கருதப்படுகிறது. உடலில் நடக்கிற வேலை இது. பிள்ளை மேல் பாசம் குறைவு என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பலருக்கு மாதங்கள் போகப் போகத் தணிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தபடி யாரிடமாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள். ‘இதோ வருகிறது, இதோ போய்விடும்’ என்று தெரிந்திருப்பதே பாதி நிம்மதி.

இனி நோட்டு. இந்தப் பழக்கத்துக்கு ஆராய்ச்சி ஆதாரம் இல்லாமல் இல்லை. எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வுகள்தான் இதைப் பிரபலமாக்கின. அவற்றில் முதலாவதில் மாணவர்கள் வாரம் ஒருமுறை எழுதினார்கள். பிறகு லியூபொமிர்ஸ்கி என்ற உளவியலாளரின் குழுவினர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கே பலன் தெரிந்தது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களும் மாணவர்களே. ராத்திரி முழுக்க விழித்துப் பால் கொடுத்தவர்கள் இல்லை! நான்கு நாளில் உங்களுக்குச் சலித்துப்போனதில் வியப்பே கிடையாது.

ஆகவே தினசரி எழுதுவதை விட்டுவிடுங்கள். மனம் வந்தால் வாரம் ஒருமுறை, ஒரே ஒரு வரி. அதுவும் பொத்தாம் பொதுவாக வேண்டாம்; ஓர் ஆளுக்கு, அவர் செய்த ஒரு காரியத்துக்கு. நடுராத்திரியில் எழுந்து வந்து பிள்ளையை வாங்கி ஏப்பம் விடவைத்தாரே அம்மா, அதற்கு. முடிந்தால் அவரிடமே சொல்லிவிடுங்கள், எழுதும் வேலையும் மிச்சம். எதிர்ப்பக்கத்தில் குறைகளைத் தாராளமாக எழுதலாம். பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கும் தாய்க்கும் சில ராத்திரிகளில் எரிச்சல் வரும்.

நாத்தனார் நல்ல மனதோடுதான் கொடுத்திருக்கிறார். அவர் வரும்போது உரிமையோடு கேளுங்கள்: “அண்ணி, பால் கொடுத்து முடித்ததும் இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் தூங்குகிறேன்.” கணவர் ஊரிலிருந்து வரும் நாட்களில் அவருக்கும் இதே வேலைதான். குடும்பமே காத்திருந்து வந்த பிள்ளை என்றால், தூக்கிவைத்துக்கொள்வதிலும் குடும்பத்துக்குப் பங்கு உண்டு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிரசவமான முதல் வாரத்தில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். உங்கள் அழுகை பால் கொடுக்கும் நேரத்தோடு நிற்காமல் நாள் முழுக்க நீடித்தாலோ, பிள்ளை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டாலோ, அது பிரசவத்துக்குப் பின்வரும் மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டரிடம் போக வேண்டும். உங்களுக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் தலைகாட்டினால் ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருக்காதீர்கள். அம்மாவிடம் சொல்லி உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற இலவச எண்ணில் அழைத்து எந்நேரமும் தமிழில் பேசலாம். பாலூட்டும்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. பால் கொடுக்கிறேன் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.