யோசனைப் பெட்டி ஏன் காலியாக இருக்கிறது?

கேள்வி: திருப்பூரில் அப்பா தொடங்கிய பனியன் கம்பெனியை நடத்துகிறேன். புதுமை, கூட்டு அறிவு பற்றிய தொழில் புத்தகங்களைத் தேடிப் படிக்கிறேன். 'தி விஸ்டம் ஆஃப் கிரௌட்ஸ்' படித்துவிட்டு யோசனைப் பெட்டி வைத்தேன், சனிக்கிழமைக் கூட்டம் போட்டேன். ஒருவரும் வாய் திறப்பதில்லை. கணக்கு பார்க்கும் தங்கை, எந்தத் துணி ரோலில் வெட்டியது என்று தெரிய, வெட்டிய பீஸ் பண்டல்களுக்கு ரோல் வாரியாக வேறு வேறு நிற நூல் கட்டச் சொன்னாள். ஷேடு மாறி ரிஜெக்ட் ஆவது குறைந்தது. அதையும் என் யோசனை என்றுதான் கூட்டத்தில் சொல்ல வேண்டியிருந்தது. இவர்களைச் சிந்திக்க வைக்க அடுத்து என்ன படிக்கலாம்?
- வாசகர், திருப்பூர்

பதில்: அவர்கள் நன்றாகத்தான் சிந்திக்கிறார்கள், தம்பி. போகிற போக்கில் தங்கையைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம்.

ஒரே நிறத் துணியானாலும் ரோலுக்கு ரோல் ஷேடு கொஞ்சம் மாறும். முன்பக்கம் ஒரு ரோல், கை வேறு ரோல் என்று தைத்துவிட்டால் செக்கிங்கில் அந்தப் பீஸ் போச்சு. தைப்பவர்கள் கண்ணில் படாத வழி, கணக்கு நோட்டில் ரிஜெக்ட் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தோன்றியிருக்கிறது. அது யார் சொன்னது என்று கட்டிங் மாஸ்டருக்குத் தெரியாதா? ஒரே கூரைக்குக் கீழே எதுவும் மறையாது. கூடப் பிறந்தவள் சொன்னதையே தன் பெயரில் போட்டுக்கொள்கிறவர் நாம் சொன்னதை விட்டுவைப்பாரா என்று யாருக்கும் தோன்றும்.

நீங்கள் படித்த புத்தகம் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் கதையில்தான் தொடங்குகிறது. 1906, இங்கிலாந்தின் பிளிமத் ஊரில் கால்நடைக் கண்காட்சி. மாட்டை வெட்டிச் சுத்தம் செய்தபின் என்ன எடை வரும் என்று போட்டி. 787 சீட்டுகளில் எழுதிய ஊகங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வந்தது 1,207 பவுண்டு, உண்மையான எடை 1,198. கூட்டத்தின் ஊகம் அவ்வளவு நெருங்கி வந்தது. இது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஒவ்வொரு சீட்டிலும் ஊகித்தவரின் பெயரும் முகவரியும் இருந்தன, சரியாகச் சொன்னவருக்குப் பரிசு போனது என்பதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். டொயோட்டா 1951-இல் தொடங்கிய யோசனைத் திட்டத்திலும் சொன்னவருக்குப் பரிசு உண்டு.

பெண் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று சாக்குச் சொல்லாதீர்கள். "இது என் தங்கை சொன்னது, செய்யுங்கள்" என்று முதலாளி சொன்னால் எந்த மாஸ்டர் மறுப்பார்? தங்கைக்கு ஊரில் மதிப்புத் தேடித் தர வேண்டியவன் அண்ணன். நீங்களோ அவள் சம்பாதித்த மதிப்பை எடுத்து வைத்துக்கொண்டீர்கள். வீட்டுப் பெண் என்றால் அவள் மூளை எல்லாருக்கும் பொது என்று எண்ணும் வழக்கத்தை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன். அவளுக்குச் சம்பளம் உண்டா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இப்போதைக்குப் புத்தகம் வேண்டாம். வரும் சனிக்கிழமை அவளையும் கூட்டத்தில் உட்கார வைத்து, நூல் கட்டும் யோசனை யாருடையது என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லுங்கள். சம்பளம் இல்லையென்றால் இந்த மாதமே தொடங்குங்கள். அதை அவள் பெயரில் உள்ள பேங்க் கணக்கில் போடுங்கள், அம்மா கையில் கொடுத்துவிடாதீர்கள்.