கூடவே வந்த வெளிச்சம்

கேள்வி: ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் மவுன்ட் ஐசாவில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு நாள் இரவு, பூலியாவிலிருந்து வின்டன் போகும் சாலையில் தனியாக கார் ஓட்டிப் போனேன். அடிவானத்துக்குச் சற்று மேலே ஒற்றை வெளிச்சம் தெரிந்தது. ஆடியது, மங்கியது, மறுபடி பளிச்சென்று எரிந்தது. அரை மணி நேரம் கூடவே வந்தது. காரை நிறுத்திவிட்டு அதை நோக்கி வெகுதூரம் நடந்தும் நெருங்க முடியவில்லை. இங்கே பிரபலமான 'மின் மின்' ஒளி அதுதான் என்கிறார்கள். நண்பர்களோ தூக்கக் கலக்கம் என்று கேலி செய்கிறார்கள். விஞ்ஞானத்துக்கு எட்டாதவையும் உண்டு என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்வீர்களா? மின் மின் என்பது நம் மின்மினிதானே?

— மவுன்ட் ஐசா வாசகர்

பதில்: காரை விட்டு இறங்கி நடந்தீர்களே, அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பூலியாவுக்கும் வின்டனுக்கும் நடுவே ஏறக்குறைய 360 கிலோமீட்டர். வழியில் ஊர் என்று சொல்ல அநேகமாக ஒன்றுமில்லை. இருட்டில் ஒரு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நடப்பவருக்குத் திரும்பி வரும்போது கார் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெரியாது. அந்தச் சமவெளியில் அடையாளம் வைத்துக்கொள்ள ஒரு மரம்கூடக் கிடைக்காத இடங்கள் உண்டு. நீங்கள் பத்திரமாகத் திரும்பி வந்ததில் எனக்கு உண்மையிலேயே நிம்மதி. இனி அதைச் செய்யாதீர்கள்.

சரி, ஒளிக்கு வருவோம். உங்கள் நண்பர்கள் சொல்வது தவறு. நீங்கள் பார்த்தது நிஜமான வெளிச்சம்தான். அது இருந்த இடத்தைத்தான் நீங்கள் தவறாகக் கணித்துவிட்டீர்கள்.

பகலில் தார்ச்சாலையில் கானல் நீர் பார்த்திருப்பீர்கள். தரை சுட்டு, அதை ஒட்டிய காற்றும் சூடாகி, வானத்திலிருந்து வரும் ஒளியை மேல்நோக்கி வளைக்கிறது. அதனால் வானம் தரையில் தெரிகிறது. இரவில் இது தலைகீழாக நடக்கும். மேகமில்லாத இரவில் அந்தச் சமவெளியின் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அடியில் குளிர்ந்த, அடர்ந்த காற்று. அதன் மேல் வெதுவெதுப்பான காற்று. ஒளி அடர்ந்த காற்றின் பக்கமே வளையும். ஆகவே பூமியின் வளைவை ஒட்டி, அடிவானத்துக்கு அப்பால் இருக்கும் விளக்கின் வெளிச்சமும் உங்கள் கண்ணுக்கு வந்து சேர்கிறது.

இது வெறும் ஊகமல்ல. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் நரம்பியல் விஞ்ஞானி ஜாக் பெட்டிக்ரூ அந்த ஒளியை நேரில் பார்த்தவர். பார்த்ததோடு விடாமல் செய்தும் காட்டினார். சுமார் 10 கிலோமீட்டருக்கு அப்பால், நேர்ப்பார்வைக்கு மறைவான பள்ளத்தில் ஒரு காரை நிறுத்தி ஹெட்லைட்டைப் போடச் செய்தார். இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அடிவானத்துக்கு மேலே ஓர் ஒளி மிதந்தது. 2003இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

உங்களோடு ஏன் கூடவே வந்தது? சின்ன வயதில் பஸ் ஜன்னலில் உட்கார்ந்து, நிலா கூடவே வருகிறது என்று நினைத்த அதே காரணம்தான். மிகத் தொலைவில் இருப்பது நாம் நகர்வதால் இடம் மாறித் தெரியாது. பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க மரமோ வீடோ இருந்திருந்தால் தூரம் புரிந்திருக்கும். தனியாக ஒரே ஒரு வெளிச்சம், சுற்றிலும் இருட்டு என்றால் மனசு அதைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடும். காருக்கு இரண்டு ஹெட்லைட் இருக்குமே என்பீர்கள். அத்தனை தூரத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆடியதும் மங்கியதும் நடுவிலுள்ள காற்று அசைந்ததால்.

1918இல் நடந்ததாக ஒரு பிரபலமான கதை உண்டு. எரிந்துபோன மின் மின் விடுதியின் பின்னால் இருந்த கல்லறைப் பக்கமிருந்து எழுந்த ஒளி, குதிரையில் போன ஒரு மாட்டுப்பண்ணை ஆளை பூலியாவரை துரத்தியது என்பார்கள். அப்போது ஹெட்லைட் ஏது என்று கேட்பவர்களும் உண்டு. மாடு ஓட்டிப்போகிறவர்களின் கூடாரத் தீயும், தாழ இருக்கும் கிரகமும்கூட இதே வழியில் வளைந்து வரும். நம் ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசு என்றார்கள். அங்கே எல்லையிலேயே பலகை வைத்து, மின் மின் ஒளியின் ஊர் என்று பெருமையாக வரவேற்கிறார்கள். அந்தப் பெருமையில் தவறில்லை. ஆனால் காரணம் தெரிந்த பிறகும் தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருப்பதை என்னால் ஏற்க முடியாது.

மின்மினி? கிடையாது. அந்த ஒளியின் பெயர் விடுதியின் பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள். காதுக்கு ஒத்து ஒலிக்கிறது என்பதற்காக உலகத்துச் சொற்களையெல்லாம் தமிழாக்க வேண்டாம். தமிழுக்கு அதனால் ஒரு பெருமையும் சேராது.

மறுபடி தென்பட்டால் காருக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். நேரத்தையும், காம்பஸில் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை குனிந்தும், கார்மேல் ஏறி நின்றும் பாருங்கள். கண் இருக்கும் உயரம் மாறினால் ஒளியும் மாறலாம், மறையவும் செய்யலாம். வீட்டுக்கு வந்து வரைபடத்தில் அந்தத் திசையில் ஒரு கோடு இழுத்து, அது எந்தச் சாலையை, எந்தப் பண்ணையைத் தொடுகிறது என்று எனக்கு எழுதுங்கள். இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.